உள்ளங்கையில் ஒரு தனியறை

பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்து 2022 நவம்பரில் வெளிவந்த ‘லவ் டுடே’ படத்தின் கதை ஒரு வரிதான். காதலிக்கும் இருவரையும் எதிரே உட்காரவைத்து, ஒரு நாள் உங்கள் போன்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகும் கல்யாணம் வேண்டுமென்றால் செய்துவைக்கிறேன் என்கிறார் பெண்ணின் அப்பா. தியேட்டரில் சிரிப்பலை. நானும் சிரித்தேன். ஆனால் அந்த நிபந்தனை நியாயமானதுதானா என்ற கேள்வியைப் படம் கடைசிவரை அழுத்திக் கேட்கவே இல்லை.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2016-ல், பாவ்லோ ஜெனோவேசேயின் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற இத்தாலியப் படம் வந்தது. விருந்துக்குக் கூடிய ஏழு நண்பர்கள் போன்களை மேசைமேல் வைக்கிறார்கள். அன்றிரவு வரும் அழைப்பும் செய்தியும் எல்லோருக்கும் பொது. இரண்டு படங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுபாடு பெரியது. அங்கே திறக்கப்படுவது அன்றிரவு வருபவை மட்டுமே; அதையும் அவர்களே விளையாட்டாக ஒப்புக்கொள்கிறார்கள். இங்கே திறக்கப்படுவது போனில் சேர்ந்துகிடக்கும் பல வருடக் கிடங்கு. நிபந்தனை வைப்பவரோ குடும்பத் தலைவர்.

இந்தக் கிடங்குதான் புதிது. டீக்கடையில் நண்பனிடம் உளறியது காற்றோடு போயிற்று. அதையே வாட்ஸ்அப்பில் உளறினால், தேதியும் நிமிடமும் போட்டு நிற்கிறது. எந்த மனநிலையில், யாருடைய எந்தக் கிண்டலுக்குப் பதிலாகச் சொன்னோம் என்பது மட்டும் அதில் இருக்காது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு லாக் ஃபைல் பழக்கமான சங்கதி. என்ன நடந்தது என்பதை அது சொல்லும்; ஏன் நடந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. மனிதர்களை லாக் ஃபைலாகப் படித்துத் தீர்ப்பு சொல்லலாம் என்று நம்புவதுதான் இந்தக் கதையின் அடிப்படை.

நம் வீடுகளில் தனியறை என்பது எத்தனை பேருக்கு வாய்த்தது? ஹாலில் லேண்ட்லைன், பேசினால் வீடே கேட்கும். கடிதம் வந்தால் அப்பா பிரித்துவிட்டுக் கொடுப்பார். அண்ணன் தம்பியோடு ஒரே பாயில் தூக்கம். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது நமக்கு இணையம் மட்டும் கிடைக்கவில்லை. பலருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கிடைத்தது. குறிப்பாகப் பெண்களுக்கு. அந்த அறைக்குள் பொய்யும் உண்டு, அழுக்கும் உண்டு. போலிப் பெயரில் வந்து தொல்லை கொடுப்பவர்களும் உண்டு. ஆனாலும் அது அறை.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் கொண்டுவந்த மறையாக்கம், செய்தி போகும் வழியில் வேறு யாரும் அதைப் படிக்காமல் காக்கிறது. அனுப்பியவர் கையிலும் பெற்றவர் கையிலும் அது திறந்தேதான் இருக்கிறது. எங்கள் துறை எதிரியை எப்போதும் தொலைவில் கற்பனை செய்கிறது: ஹேக்கர், அரசாங்கம். சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து ‘பாஸ்வேர்டைச் சொல்லும்மா’ என்று அன்பாகக் கேட்பவரை எந்தக் கணிதத்தாலும் தடுக்க முடியாது. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அந்தத் தீர்ப்பு நம் வீட்டு ஹாலுக்குள் இன்னும் வந்துசேரவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கான பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது. நாயகனின் அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையாக யோகி பாபு வருகிறார். போனை யாரிடமும் கொடுக்க மாட்டார். சந்தேகம் முற்றிக் கடைசியில் பிடுங்கிப் பார்த்தால், உள்ளே கள்ளக்காதல் எதுவும் இல்லை. அவருடைய தோற்றத்தைக் கேலி செய்து மற்றவர்கள் அனுப்பியவைதான் இருக்கின்றன. அவர் ஒளித்தது குற்றத்தை அல்ல, காயத்தை. படத்தின் மிகச் சிறந்த இடம் இதுவே. மறைப்பதெல்லாம் துரோகமில்லை என்று இந்தக் கிளைக்கதை சொல்கிறது. மறைப்பது எதுவானாலும் வெளியே வரட்டும் என்று மையக்கதை சொல்கிறது.

இரண்டில் எதை நம்புகிறோம் என்பது இனி சினிமா விஷயம் மட்டுமில்லை. கல்யாணம் பேசும் இடங்களில் ‘போனைக் காட்டு’ என்பதும் ஒரு பொருத்தமாகச் சேர்ந்துவிட்டால், ஜாதகத்தையே மேல் என்று சொல்லவேண்டியிருக்கும். ஜாதகம் கிரகங்களைத்தான் கேட்கிறது. நேற்று ராத்திரி யாரிடம் அழுதாய் என்று கேட்பதில்லை.