மேடையிற் பாடிய குரல்

ஒரு சமுதாயம் தன் பெண்களுள் தலைமை தாங்கியோரை எவ்வாறு நினைவிற் கொள்கின்றது என்பது, அச்சமுதாயம் பெண்களுக்கு உண்மையில் எத்தகைய இடத்தை அளிக்கின்றது என்பதைக் காட்டும் உரைகல்லாகும். எமது நாட்டின் தொழிலாளர் வரலாற்றையும் மலையக இலக்கிய வரலாற்றையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால், நாம் பெருமை கொள்வதற்கு அதிகம் இல்லை. இதற்குச் சான்றாக ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம்: மீனாட்சியம்மாள்.

இப்பெயரைக் கேட்டதும் வாசகர் பலரின் நினைவுக்கு வருபவர் அவரது கணவர் கோ. நடேசய்யரே. 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியவர், 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென முதன்முதலாகத் தொழிற்சங்கம் கண்டவர், 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கியவர் என்ற வகையில் அவர் பெற்ற இடம் நியாயமானதே. குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளியிட்ட தொழிலாளர் இயக்க வரலாறும், சாரல்நாடன் 1988இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலும் அவ்விடத்தை உறுதிப்படுத்தின. ஆனால் அவருடன் மேடையேறிய, தாமே பாடல் இயற்றிய, 1940ஆம் ஆண்டு 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் பிரசுரத்தை வெளியிட்ட பெண்மணியை எமது விமர்சனம் எவ்வாறு எடைபோட்டிருக்கின்றது?

இரண்டு பழக்கங்களை நாம் காண்கின்றோம். ஒன்று, அவரைக் கணவரின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக்குவது. 'கணவரின் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார்' என்ற ஒரு வாக்கியத்தோடு அவர் கதை முடிந்துவிடுகின்றது. மற்றையது, 'வீராங்கனை' என்ற பட்டத்தைச் சூட்டி, மாலையணிவித்து, பீடத்தில் ஏற்றி வைப்பது. முன்னையது அவரைச் சிறியவராக்குகின்றது. பின்னையது அவரைச் சிலையாக்குகின்றது. இரண்டிலும் மறைந்துபோவது ஒன்றே: அவர் செய்த வேலை.

அந்த வேலை யாது? அக்காலத் தோட்டம் வெளியாருக்கு அடைக்கப்பட்ட ஓர் உலகம். துரையின் அனுமதியின்றி உள்ளே கால் வைப்பவர் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்பட்டார். தோட்டத்து நிலைமையை நேரில் அறிய நடேசய்யரே புடைவை வியாபாரியாக வேடமிட வேண்டியிருந்தது என்பது நாடறிந்த செய்தி. தொழிலாளரை, தோட்டத்துக்கு வெளியே, பட்டினங்களில் ஒன்றுகூட்டுவதே சங்கத்துக்கு இருந்த வழி. அக்கூட்டத்தில் எழுத்தறியாதோரே மிகப் பலர். அவர்களுள்ளும் பெண்களுக்கு எழுத்து எட்டாத பொருளாகவே இருந்தது. துண்டுப் பிரசுரம் அவர்களிடம் பேசாது. பத்திரிகை அவர்களைச் சென்றடையாது. பாட்டு மட்டுமே தோட்டத்து எல்லையைக் கடந்து, கேட்டவர் வாயோடு லயத்துக்குள் நுழைய வல்லதாயிருந்தது. மீனாட்சியம்மாள் தேர்ந்துகொண்ட கருவி அதுவே.

இதிலே விமர்சகர் கவனிக்கத் தவறிய ஓர் உண்மை உண்டு. மலையகத்திற் பாட்டு என்பது ஏற்கெனவே பெண்களின் உடைமையாக இருந்தது. பிள்ளைக்குத் தாலாட்டு, இறந்தவருக்கு ஒப்பாரி, மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும்போது தெம்மாங்கு என அவர்கள் தம் வாழ்வைப் பாட்டாலேயே சொல்லி வந்தனர். கங்காணியை ஏசியதும், கடல் கடந்து வந்த துயரை நினைந்து அழுததும் பாட்டிலேதான். சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இதற்குச் சாட்சி. அப்பாட்டு அதுவரை லயத்துக்குள்ளும் மலைக்குள்ளும் அடங்கியிருந்தது. மேடை ஆண்களுக்குரியது, சொற்பொழிவு ஆண்களின் கலை. ஒரு பெண் மேடையேறி, மக்கள் அறிந்த மெட்டிலே அரசியலைப் பாடியபோது, கீழே நின்ற பெண்கள் அறிந்துகொண்டது பாட்டின் பொருளை மட்டுமன்று. தம்மிடம் இருக்கும் கலையே ஓர் ஆயுதமாகலாம் என்பதையும், மேடை தமக்கும் உரியதாகலாம் என்பதையும் அவர்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

'இவை வெறும் பிரசாரப் பாடல்கள். இலக்கியமாகா' என்று கூறுவோர் உளர். பிரசாரம் என்பதை நாம் மறுக்கவில்லை. கப்பலேறி வந்தோரின் இழப்பையும், உழைப்பை உண்டு உழைத்தவரை மறந்த மந்திரிமாரின் நன்றியின்மையையும், ஒற்றுமையின்றேல் சட்டத்தாற் பயனில்லை என்பதையும் அவை எடுத்துரைக்கின்றன. நுண்ணிய படிமங்களை அவற்றிலே தேடுவோர் ஏமாற்றமடைவர். ஆயின், எவருக்காக, எந்த இடத்திலே, எத்தேவைக்காக ஒரு படைப்பு எழுந்தது என்பதை விலக்கிவிட்டு அதன் தரத்தை நிறுப்பது தராசின் ஒரு தட்டை மறைத்துவிட்டு நிறுப்பதாகும். மழையிலும் பனியிலும் நின்று கேட்ட ஒரு கூட்டம் மறுநாள் மலையிலே அப்பாட்டை முணுமுணுக்க வேண்டும் என்பதே அதன் இலக்கண வரம்பு.

எனினும் பாராட்டோடு நின்றுவிடுவது விமர்சனமாகாது. அப்பிரசுரத்தின் தலைப்பே அதன் எல்லையையும் காட்டுகின்றது. அது 'இந்தியர்' என்ற ஒரே சொல்லுள் வியாபாரியையும், பெரிய கங்காணியையும், கூடை சுமக்கும் பெண்ணையும் அடக்குகின்றது. ஆனால் இவர்களின் நிலைமை ஒன்றன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி, சிறுவருக்கு அதனினும் குறைந்த கூலி என வகுத்தது. ஆண்கள் வேலை முடித்து லயம் திரும்பிய பின்னரும் பெண்கள் மாலைக் கொழுந்துக்காக மலையில் நிற்க நேர்ந்தது. அவ்வாறு உழைத்துப் பெற்ற சம்பளத்தையும் பல இடங்களிற் கணவனே கைநீட்டி வாங்கினான். எமக்குத் தெரிந்த மீனாட்சியம்மாளின் பாடல்களில் இனத்தின் உரிமைக் குரல் ஓங்கி ஒலிக்கின்றது. இந்த இரட்டைச் சுமை அவ்வாறு ஒலிக்கவில்லை. இது தனி ஒருவரின் குறையன்று. இனத்துக்கு வந்த ஆபத்து முன்னிற்கும்போது பெண்ணின் வழக்கைப் பின்னர் பார்க்கலாம் என ஒத்திவைப்பது எமது இயக்கங்கள் அனைத்தினதும் குறை.

ஒத்திவைத்ததன் விலையை வரலாறு காட்டியிருக்கின்றது. டொனமூர் ஆணைக்குழு முன்னிலையில் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் தோன்றியபோது, தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்ற வினா எழுந்ததாகவும், அவர்களும் பெண்களே, நிச்சயமாக வேண்டும் எனத் தாம் விடையிறுத்ததாகவும் அக்னஸ் டி சில்வா நினைவுகூர்ந்திருக்கின்றார். கொழும்பின் மேல்வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண், தன் வகுப்புக்கு அப்பாற்பட்ட பெண்ணையும் கணக்கிற் சேர்த்த அரிய தருணம் அது. 1931இல் பல கட்டுப்பாடுகளுடனேனும் அவ்வுரிமை தோட்டத்தை எட்டியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்தன. எஞ்சியோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமை பறிபோன காலத்திற் கொழுந்து பறித்த பெண்கள் தமக்கெனக் கட்டியெழுப்பிய தலைமை எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. அவர்களுக்காகப் பேசியோர் இருந்தனர். அவர்களே பேசும் நிலை உருவாக்கப்படவில்லை.

இன்றைய நிலையை நோக்குவோம். ஆண் பெண் கூலி வேறுபாடு 1984இல் நீங்கியது. அது வேலைநிறுத்தத்தால் வந்த வெற்றி. அப்போராட்டத்தின் முதுகெலும்பு பெண்கள். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆகவே சங்கங்களின் சந்தாவிலும் பெரும்பகுதி அவர்களுடையது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையின் இருபுறமும் ஆண்களே. மாதர் அணி உண்டு. மே தின ஊர்வலத்தில் அதற்கு முன்வரிசையும் உண்டு. தலைவருக்கு ஆரத்தி எடுக்கவும், ஆலாத்தித் தட்டு ஏந்தவும், வரவேற்புப் பாட்டுப் பாடவும் அவ்வணி அழைக்கப்படுகின்றது. மீனாட்சியம்மாள் போராட்டத்துக்கு அழைக்கப் பாடிய மேடையில் இன்று பெண் வரவேற்கப் பாடுகின்றாள். இதனை வளர்ச்சி என்று எவ்வாறு கூறுவது?

ஆகவே பெண் தலைமையை அளக்க ஓர் அளவுகோலை நாம் முன்வைக்க விரும்புகின்றோம். ஒருவர் எத்தனை மேடை ஏறினார் என்பதன்று கேள்வி. அவர் இறங்கிய பின் அம்மேடையில் ஏற எத்தனை பெண்களுக்குத் துணிவு பிறந்தது என்பதே கேள்வி. மரண உதவிச் சங்கத்தின் கணக்கை ஒரு பெண் எழுதப் பழகுவது, பிள்ளை மடுவத்தின் கூரை ஒழுகுவதைக் குறித்துப் பத்துத் தாய்மார் சேர்ந்து துரையிடம் செல்வது, நிறுவையின்போது கொழுந்தில் எத்தனை கிலோ, எதன் பெயரால் கழிக்கப்படுகின்றது என்று தராசின் முன் நின்று ஒருத்தி கேட்பது, சம்பளச் சீட்டைத் தான் வாசித்து மற்றையோருக்கும் வாசிக்கக் கற்பிப்பது — இவை சிறியன போலத் தோன்றலாம். ஆனால் தலைமை பிறக்கும் இடம் இதுவே. ஒருத்தி பெற்ற அறிவு இன்னொருத்தியின் கைக்கு மாறும்போதுதான் அது சமூக சேவை என்ற நிலையைக் கடந்து சமூக ஆற்றலாகின்றது.

இவ்வளவுகோலால் அளந்தால் மீனாட்சியம்மாளின் பெருமையும் புலனாகும். அவருக்குப் பின்வந்தோர் முடிக்காது விட்ட பணியும் புலனாகும். அவர் கதவைத் திறந்தார். அதன் வழியே ஓர் அணி செல்லவில்லை. அவ்வணியை ஆக்க இயக்கங்கள் முயலவுமில்லை.

எமது எழுத்தாளரிடம் ஒரு வேண்டுகோள். கூடை சுமந்து கண்ணீர் வடிக்கும் பெண்ணை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். அவள் துயரம் பொய்யன்று. ஆயினும் அதுவே அவள் முழுமையும் அன்று. தராசின் முன் நின்று கேள்வி கேட்கும் பெண்ணை, கூட்டத்திற் கைதூக்கி எழுந்து நிற்கும் பெண்ணை, அயல் லயத்துப் பெண்ணின் கதவைத் தட்டி அவளையும் அழைத்துச் செல்லும் பெண்ணை எழுதுங்கள். அவள் கற்பனையிற் பிறக்க வேண்டியவள் அல்லள். மலையகத்தில் இன்றும் நடமாடுகின்றாள். அவளைக் காணாதது எமது கண்களின் குற்றம்.