வெயிலுக்குள் அடங்கும் வேகம்

கடலில் வாழ்வதற்கான மிதவை மேடையை முதலில் சிறிய மாதிரியாகச் செய்து பார்ப்பது அருமையான கலை. பத்து மீட்டர் நீளமும் பத்து டன் எடையும் கொண்ட மேடைக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் பத்துக் கிலோ எடையுள்ள மாதிரி போதும். அதன்மீது மோதும் இருபது சென்டிமீட்டர் அலை, கடலில் எழும் இரண்டு மீட்டர் அலைக்குச் சமம். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூட் தந்த கணக்குமுறை இது.

அடுத்தது, மேடையை நகர்த்தும் மோட்டாருக்கான மின்சாரம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் தருகிறது. நல்ல சோலார் தகடு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். அதனால்தான் இரண்டு மிதவை உடல்களைத் தளத்தால் இணைக்கும் இரட்டை உடல் அமைப்பு அழகாகப் பொருந்துகிறது. மெலிந்த இரு உடல்கள் நீரை எளிதாகக் கிழிக்கின்றன. மேலே தகடு விரிக்க அகலமான தளம் கிடைக்கிறது. அலையிலும் எளிதில் கவிழாது. வேகத்தைப் பாதியாக்கினால் மோட்டாருக்கு வேண்டிய திறன் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். நிதானமே இங்கே எரிபொருள்.

இதற்குச் சான்றாக, 31 மீட்டர் நீள பிளானட்சோலார் என்ற இரட்டை உடல் படகு 537 சதுர மீட்டர் தகடுகளோடு 2010-இல் மொனாக்கோவிலிருந்து கிளம்பி, சூரிய மின்சாரத்தாலேயே உலகைச் சுற்றி 2012-இல் திரும்பியது.

பொறியியல் மாணவர்களே, ஒரு மீட்டர் மாதிரியில் தொடங்குங்கள்.