அக்கரைக்குப் போன கதாபாத்திரம்

என் அண்ணா மகன் சிகாகோவிலிருந்து போன மாதம் டெலிபோனில் பேசினான். அமெரிக்கப் பிரஜையாகப் பிரமாணம் செய்துகொண்டுவிட்டானாம். நம் சட்டத்தில் இரட்டைப் பிரஜா உரிமைக்கு இடமில்லை; இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 2005-இல் ஏற்பட்ட கடல் கடந்த இந்தியர் அட்டையை வாங்கிக்கொண்டால் இஷ்டம்போல் வந்து போகலாம். ஓட்டு மட்டும் கிடையாது. "சித்தப்பா, இனிமேல் நான் யார்?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். பேசி முடித்த பிறகுதான், அந்தக் கேள்வியை என் நாவல் எதுவும் தொட்டதுகூட இல்லை என்பது உறைத்தது.

அக்கரைக்கு ஆள் அனுப்பாத தமிழ் நாவலாசிரியர் யார்? நானே மூன்று பேரை அனுப்பியிருக்கிறேன். கதாநாயகியின் அண்ணன் ஆறாம் அத்தியாயத்தில் துபாய்க்கு விமானம் ஏறுவான். கடைசி அத்தியாயத்தில் பெட்டியும் சென்ட் வாசனையுமாகத் திரும்புவான். நடுவில் அவன் எந்தத் தெருவில் நடந்தான், யாரிடம் எந்தப் பாஷையில் கடன் கேட்டான், எதைக் கண்டு பயந்தான் என்று நான் விசாரித்ததே இல்லை.

இந்த உறுத்தலோடுதான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மறுபடி எடுத்தேன். 1972-இல் புத்தகமாக வந்த நாவல். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், இளம் வயதில் சுமத்ராவிலுள்ள மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். மெடான் அப்போது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் புகையிலைத் தோட்டங்கள். பாடுபட்டவர்கள் சீனரும் ஜாவாக்காரரும்; இலை ஏலம் போனது ஆம்ஸ்டர்டாமில்; கடைத்தெருவில் கடன் கொடுத்தவர் ராமநாதபுரம் ஜில்லாச் செட்டியார். உலகமயம் என்று இன்று புதிதாகப் பேசுகிறோமே, அது அங்கே கைப்பெட்டியும் பேரேடுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

அந்த வட்டிக்கடையில் ஒரு விசேஷம். பணம் தேசம் விட்டுத் தேசம் தாராளமாகப் போய்வந்தது. ஆளுக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் சில வருஷத்துக்குச் சம்பளம் பேசி, பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்கள். வேர் விட்டுவிடக் கூடாது என்றே செய்த ஏற்பாடு. நாவலின் நாயகன் பாண்டியன் அதை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறான். 1942-இல் ஜப்பானியர் வந்த பிறகு, தொங்கான் ஏறிப் பினாங்கு. அப்புறம் இந்திய தேசிய ராணுவம். மலாய்ச் சொல்லும் டச்சுச் சொல்லும் செட்டிநாட்டுப் பேச்சோடு தோள் உரசிக்கொண்டு வருகின்றன. அக்கரையில் நிற்பவன் நினைவில் மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் விரிகின்றன. நான் எழுதியிருந்தால் அங்கே வாசகரை அழவைத்திருப்பேன். சிங்காரமோ, பினாங்கில் நண்பர்களை உட்காரவைத்துத் தமிழர் பெருமையைப் பிய்த்துப் போடச் சொல்கிறார். சில அன்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். விலகி நின்றவனுக்குத்தான் பெருமையின் கிழிசல் தெரிகிறது. அதை உதறவும் அவனால் முடியவில்லை. அங்கேதான் நாவல் உயிரோடு இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. விவாதம் சில இடங்களில் கதையை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நடக்கிறது. பாண்டியனின் சாகசத்திலும் கொஞ்சம் சினிமா வாடை.

ஆனால், அவன் யாருடைய பிரஜை? ஆயுதம் எடுத்தது இன்னும் பிறக்காத ஒரு தேசத்துக்காக. செத்தது அக்கரை மண்ணில். ஆசிரியர் அவனை ஊருக்கு அனுப்பியிருக்கலாம். தாமே 1946-இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர்தானே! நானாயிருந்தால் கட்டாயம் அனுப்பியிருப்பேன், பெட்டியோடு.

அண்ணா மகனுக்குப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். நேற்றுப் பேசினான். பாதி படித்திருக்கிறான். மலாய்ச் சொற்கள் பரவாயில்லையாம். செட்டிநாட்டுப் பேச்சுத்தான் புரியவில்லையாம்.