காக்கை வன்னியன் யாருடைய தேவை?
யாழ்ப்பாண வைபவமாலையை மீண்டும் வாசித்தல்

சட்டனில் நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளையில், கோயில் நிர்வாகசபைத் தகராறு ஒன்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு பொடியன், மற்ற அணிக்குப் போனவரைக் 'காக்கை வன்னியன்' என்றான். வைபவமாலையை அவன் கண்ணாலும் கண்டிருக்கமாட்டான். நான் வரலாறு படிப்பித்த காலத்தில் அந்நூலின் ஆண்டுக்கணக்கு பிழையென்று நிறுவுவதிலேயே மினக்கெட்டேன். அது நமக்கு வசவுச் சொல் வழங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை.

மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்கிணங்க எழுதிய நூல் இது. அதன்படி, பரராசசேகரனின் வைப்புப் பெண்ணுக்குப் பிறந்த சங்கிலி, மூத்தவனை நஞ்சூட்டியும் அடுத்தவனைக் குத்தியும் கொல்கிறான். இன்னொரு மகன் பரநிருபசிங்கன் கண்டிக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்த வேளையில் அரசைப் பறிக்கிறான். இறுதியில் காக்கை வன்னியன் அவனைப் பறங்கியரிடம் காட்டிக்கொடுக்கிறான்.

1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவனும் 1619இல் அரசை இழந்தவனும் நூலில் ஒரே ஆள். இடையில் எழுபத்தைந்து ஆண்டுகள். 1928இல் வெளிவந்த ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' முதலாக இக்குழப்பங்கள் ஆராயப்பட்டுவிட்டன. இரண்டு சங்கிலிகளை ஒருவனாக்கியபோது எது மறைந்தது என்பதே என் கேள்வி.

மறைந்தது 1617. 1591இல் போர்த்துக்கேயர் படையெடுத்து வந்து அரியணையில் இருத்திய எதிர்மன்னசிங்கன் அவ்வாண்டு இறக்கிறான். மகன் குழந்தை, தம்பி அரசகேசரி பராமரிப்பாளன். சங்கிலிகுமாரன் அரசகேசரியையும் உரிமை கோரக்கூடிய ஏனைய இளவரசர்களையும் கொன்று அதிகாரத்தைப் பிடிக்கிறான். கொழும்பிலிருந்த போர்த்துக்கேயரோ நிபந்தனைகளோடு அவனை ஏற்றுக்கொள்கிறார்கள்! அடுத்த ஆண்டு உள்ளூரில் கிளர்ச்சி. தஞ்சை நாயக்கரின் படையுதவி. 1619இல் பிலிப் தெ ஒலிவேராவின் படை. 1623இல் கோவாவில் மரண தண்டனை. இந்த வீழ்ச்சிக்குக் காட்டிக்கொடுப்பவன் ஒருவன் தேவைப்படவே இல்லை. தந்தைக்குப் பின் தம்பியா, மகனா, மருமகனா என்பதற்கு விதியில்லாத அரண்மனை போதுமானது.

இது நமது தனிச்சொத்துமல்ல. கீவ் அரசன் விளாதிமிர் 1015இல் இறந்ததும் அவன் மக்கள் போரிஸ், கிளெப் இருவரும் கொல்லப்பட்டனர். ருஷ்ய நாளாகமம் பழியைச் சகோதரன் ஸ்வியாத்தபோல்க் மீது சுமத்தி, அவன் இரண்டு தகப்பன்களுக்குப் பிறந்தவன் என்கிறது. அங்கும் கொலைகாரனின் பிறப்பிலேதான் மாசு! வென்ற யாரொஸ்லாவின் சந்ததியார் ஆண்ட காலத்தில் தொகுக்கப்பட்ட நூல் அது. யாரொஸ்லாவுக்கே கொலையில் பங்குண்டோ எனச் சில ஆய்வாளர் ஐயுறுகின்றனர். 1097இல் லியூபெச்சில் கூடிய இளவரசர்கள் அவரவர் தந்தைவழி நிலம் அவரவர்க்கே என்று சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தார்கள். அவ்வாண்டே அவர்களில் ஒருவனான வசில்கோவின் கண்கள் பிடுங்கப்பட்டன. ஆனால் ருஷ்ய நாளாகமக்காரன் அதை ஒளிக்கவில்லை; கத்தியும் இரத்தம் தோய்ந்த சட்டையும் உட்பட விரிவாக எழுதிவைத்தான். அந்த நேர்மை நம் புலவரிடம் பாதிதான் உண்டு. கொலைகளைச் சொல்கிறார், அழிவுக்குக் காரணமாக வேறொருவனைக் காட்டுகிறார்.

நாமும் அந்தப் பாதியையே எடுத்துக்கொண்டோம். 1974இல் முத்திரைச்சந்தியில் சங்கிலியனுக்குச் சிலை வைத்தோம். 2011இல் அதைப் புதுப்பித்தும் ஆயிற்று. அரசகேசரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1986 ஏப்ரல், மே மாதங்களில் யாழ்ப்பாணத் தெருக்களில் ரெலோப் பொடியங்கள் ரயர் போட்டு எரிக்கப்பட்டபோது, நாங்கள், படித்தவர்கள், வீட்டுக்குள் இருந்தோம். சிலர் சோடா கொடுத்ததாகவும் கதை. பிறகு அதற்கும் 'துரோகி' என்ற சொல் வந்து சேர்ந்தது. நான் அடுத்தநாள் விரிவுரைக்குப் போய்ச் சங்கிலியின் ஆண்டுக்கணக்கைப் படிப்பித்தேன்.

அரசரின் வாரிசுச் சண்டையையும் விடுதலை இயக்கங்களின் மோதலையும் ஒப்பிடுவது வரலாற்றுப் பிழை என்று நண்பர்கள் சொல்வார்கள். சமூக அமைப்பு வேறு, காலம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். நான் ஒப்பிடுவது கொலைகளையல்ல, கொலைக்குப் பின் நாம் சொல்லிக்கொண்ட கதைகளை. மறுத்து எழுதுபவர்கள், 1617ஐ நமது பாடப்புத்தகங்கள் எத்தனை வரியில் கடந்தன என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.