பறைக்கு இடமில்லாத படிவம்

1913இல் பரோடா சமஸ்தானம் ஓர் இளைஞருக்கு உதவித்தொகை கொடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தது. அவர்தான் பீமராவ் அம்பேத்கர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே சமஸ்தானம் அதற்கு முன்பே இசை படிக்கவும் ஒருவரைக் கடல் கடந்து அனுப்பியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1886இல் பரோடாவில் இசைப்பள்ளியை நிறுவிய மௌலா பக்ஷின் மகன் அலாவுதீன் கான், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் மேற்கத்திய இசை பயின்று திரும்பினார். (சரோத் மேதை மைஹர் அலாவுதீன் கான் வேறு ஒருவர்.) பொருளியலும் இசையும் அந்த அரசின் கண்ணில் ஒரே வரிசையில்தான் இருந்தன. இரண்டுமே மன்னரின் நல்லெண்ணத்தால் கிடைத்தவை, விண்ணப்பித்துப் பெற்ற உரிமைகள் அல்ல.

அந்த நல்லெண்ணத்தை உரிமையாக மாற்றிய திட்டம் சுதந்திர இந்தியாவில் 1954-55இல் வந்தது. இன்று ஒன்றிய அரசின் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் நடத்தும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் அதுதான். ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிச் சமூகங்களுக்கு, 4 நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும். 35 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது, தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே உதவி. இந்தத் திட்டத்தின் வழியாக ஓர் இசை மாணவர் வெளிநாடு போக முடியுமா என்பதே இங்கே என் கேள்வி.

குறைகளை அடுக்குவதற்கு முன் திட்டத்தின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. வெளிநாட்டில் இசைப் படிப்பு என்றாலே வங்கிகள் தயங்கும். படித்து முடித்தவுடன் மாதச் சம்பளம் வரும் படிப்பு அல்ல அது. ஒரு பொறியாளர் கடன் வாங்கிப் போய் நான்கைந்து ஆண்டுகளில் அடைத்துவிடலாம், வயலின் கலைஞருக்கோ இசை ஆய்வாளருக்கோ அது எளிதில் நடக்காது. ஆகவே கடனாக இல்லாமல் கொடையாக வரும் பணம் வேறு எந்தத் துறை மாணவரையும்விட இசை மாணவருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. வருமான வரம்பு இருப்பதால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ள வழியில்லை. 30 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேலும், திட்டத்தின் பாடப் பிரிவுகளில் நுண்கலைக்கும் இடம் தரப்பட்டிருந்தது. ஆக, இசையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டுத் தொடங்கிய ஒன்றல்ல இது. தள்ளிவைப்பு விதிகளின் வழியாக மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

முதல் தடை தரவரிசை. விண்ணப்பிக்கும் மாணவரிடம் க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் ஒரு கல்வி நிறுவனத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் இருக்க வேண்டும். பெயர் தெரியாத கல்லூரிகள் அரசுப் பணத்தைக் கறக்காமல் தடுக்க இது நல்ல வேலி. ஆனால் அந்த ஒட்டுமொத்தப் பட்டியலில் இடம்பெற, ஒரு நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட பெரும் துறைகளில் பாடம் நடத்த வேண்டும். இசையை மட்டுமே சொல்லித்தரும் கன்சர்வேட்டரிகள் அந்தப் பட்டியலுக்குள் வருவதே இல்லை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், நிகழ்த்து கலைகளுக்கான க்யூ.எஸ். துறைவாரிப் பட்டியலில் 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகிலேயே முதலிடம் பெற்றது. அங்கே இடம் கிடைத்த மாணவர் நம் அமைச்சகத்தின் கணக்கில் தகுதியற்றவர். 1822இல் தொடங்கிய ராயல் அகாடமிக்கும், அதாவது பரோடா மன்னர் தன் ஆளை அனுப்பிய அதே இடத்துக்கும் இதே கதிதான். பாஸ்டனின் பெர்க்லீயும் அப்படியே.

இதில் பெரிய அநியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பால்டிமோரின் பீபடி இசைப்பள்ளி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஈஸ்ட்மன் இசைப்பள்ளி ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். இவை தாய்ப் பல்கலைக்கழகத்தின் தரவரிசை நிழலில் நிற்பவை. நியூயார்க்கின் ஜூலியார்ட் தனித்து நிற்பது. கற்பிக்கும் தரத்தில் ஜூலியார்ட் இவற்றுக்குக் குறைந்தது என்று இசை தெரிந்த எவரும் சொல்லமாட்டார்கள். நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு, ஆனால் உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும் அதைப் பொறுத்தே அமைகிறது. துறைவாரிப் பட்டியலும் அதே க்யூ.எஸ். நிறுவனம் வெளியிடுவதுதான். இசைக்கும் நடனத்துக்கும் அதை ஏற்றுக்கொள்ள அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

அடுத்தது காலமும் காசும். பிரிட்டிஷ் கன்சர்வேட்டரிகளுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் வகுப்பு தொடங்கும். ஆடிஷனுக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகச் சுமார் 100 பவுண்டு கட்ட வேண்டும். தரமான ஒலி-ஒளிப்பதிவு வேண்டும், கூட வாசிக்க ஒருவர் வேண்டும், ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். பொறியியல் மாணவர் மதிப்பெண் பட்டியலை அனுப்பினால் போதும், இசை மாணவர் தன் கலையையே பதிவுசெய்து அனுப்ப வேண்டும். உதவித்தொகை கிடைக்குமா என்று தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே இந்தச் செலவெல்லாம் அவர் கையிலிருந்து போய்விடும். இந்தக் கட்டத்துக்கு அரசிடம் எந்த உதவியும் இல்லை. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் குறைவாகச் சம்பாதிக்கும் வீட்டில், அதுவும் அதில் பாதியைக்கூடப் பார்க்காத வீட்டில், இசைக்காக இவ்வளவையும் பணயம் வைக்கச் சொல்வது எப்படி?

போய்ச் சேர்ந்த பிறகும் நிம்மதியில்லை. அண்மை ஆண்டுகளின் விதிப்படி பிரிட்டனில் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு தரப்படுகிறது. லண்டனில் படிக்க வரும் மாணவர் மாதத்துக்கு 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசே 2025 தொடக்கத்தில் வரையறுத்தது. அது 13,347 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு அவர்கள் குறைந்தபட்சம் என்று சொல்லும் தொகையை நாம் பன்னிரண்டு மாதத்துக்குக்கூடத் தருவதில்லை. பிரிட்டனின் பேர்பெற்ற இசைக் கல்லூரிகளில் பல லண்டனில் இருப்பதால் இந்த இடைவெளி இசை மாணவரின் தலையில்தான் அதிகமாக விழுகிறது. போதாக்குறைக்கு, 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் வந்தது, மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் தரப்படும் என்று சொல்லப்பட்டது. ஆடிஷனில் வென்ற இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப் பல கன்சர்வேட்டரிகள் எளிதில் சம்மதிப்பதில்லை. ஒருமுறை தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டியதுதான்.

இவ்வளவையும் ஒரு பிடிவாதக்காரர் தாண்டிவிடலாம். தாண்டவே முடியாத விதி 2022இல் வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைச் சார்ந்த பாடங்களும் ஆய்வுத் தலைப்புகளும் இத்திட்டத்தின் கீழ் வரமாட்டா என்று அந்த ஆண்டு விதிகளில் சேர்த்தார்கள். இவற்றுக்கான ஆதாரங்களும் அறிஞர்களும் இந்தியாவிலேயே நிறைய இருக்கும்போது வெளிநாடு எதற்கு, அந்த இடங்களை வேறு துறைகளுக்குப் பயன்படுத்தலாமே என்பது அமைச்சகம் சொன்ன காரணம்.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இடங்கள் 125தான். கர்நாடக இசைக் கச்சேரி பாடக் கற்றுக்கொள்ள ஒருவர் அமெரிக்கா போக வேண்டியதில்லை, மயிலாப்பூர் போதும். பறையை வெளிநாட்டுப் பேராசிரியரிடம் அடிக்கக் கற்பதும் அபத்தம். நம் கலையைப் பற்றிய கடைசி வார்த்தையை அயலார் சொல்லட்டும் என்று விட்டுவிடும் பழக்கத்துக்கு அரசு பணம் தரக் கூடாது என்று யாராவது சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இசையைக் கற்பதும் இசையை ஆராயும் முறையைக் கற்பதும் ஒன்றல்ல. விதி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

இசையைச் சமூகத்தோடு சேர்த்து ஆராயும் இசை மானிடவியல் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் முக்கியமாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. தமிழ் நிலத்து இசையைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் சில அங்கிருந்துதான் வந்திருக்கின்றன. டி.என். ராஜரத்தினம் பிள்ளையை மையமாக வைத்து நாகஸ்வர உலகை ஆராய்ந்த யோஷிடாகா தெராதா ஜப்பானியர், முனைவர் பட்டம் வாங்கியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். மதுரையில் இறையியல் கற்பித்தபடி நாட்டுப்புற மெட்டில் தலித் விடுதலைப் பாடல்களை உருவாக்கிய தியோஃபிலஸ் அப்பாவுவைப் பற்றி 2014இல் புத்தகம் எழுதிய ஸோயி ஷெரினியன் அமெரிக்கர். பறை பற்றிய ஆவணப்படத்தை எடுத்தவரும் அவரே. இவர்கள் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன், இவர்கள் எழுதாவிட்டால் பல செய்திகள் பதிவாகாமலே போயிருக்கும். ஆனால் பறையடித்த தாத்தாவின் பேத்தி, அதே துறையில் அதே பயிற்சியோடு, தன் தெருவின் ஓசையைப் பற்றி எழுதினால் அதில் இன்னொரு அறிவு சேரும். அந்த மேளத்தை ஊர் எப்போது கூப்பிட்டது, எப்போது எட்டி நிற்கச் சொன்னது, வீட்டுப் பிள்ளைகள் ஏன் அதைத் தொட மறுத்தார்கள் என்பதை அவர் பேட்டி எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவருக்குத்தான் விதி கதவைச் சாத்துகிறது. அவர் அங்கே போய் அமெரிக்க ஜாஸ் பற்றி ஆராய்ந்தால் தடையில்லை.

ஆதாரங்கள் எல்லாம் இந்தியாவில் இருக்கின்றன என்ற கூற்றும் முழு உண்மையல்ல. டச்சு ஆய்வாளர் ஆர்னால்ட் பாகே 1930களில் தென்னிந்தியா உட்படத் துணைக்கண்டம் முழுக்கச் சுற்றிப் பதிவுசெய்த ஒலிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெளிநாடுகளில் தேங்கிய இத்தகைய பதிவுகளின் நகல்களையாவது இங்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே 1982இல் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. அது இன்று குருகிராமில் இயங்குகிறது. எல்லாம் இங்கேயே இருந்திருந்தால் அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்காது.

எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணத்தையும் எண்ணிப் பார்க்கலாம். 1960களில் ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை பழகத் தொடங்கி, பிறகு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்து பயின்றார். திருவையாற்றில் பாடினார், ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம் ரசிகர்களே பெயர் வைத்தார்கள். பிறகு டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரனோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். நம் இசையைப் படிக்க அமெரிக்க அரசு தன் குடிமகனுக்குப் பணம் கொடுத்தது. நம் அரசு அதே இசையை அங்கே ஆராய நினைக்கும் தன் குடிமகளுக்குப் பணம் தர மறுக்கிறது. அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவின் மானிடவியல் கருத்தரங்கில் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இன்றைய விதியின்படி அந்தத் தலைப்பும் தள்ளுபடிதான்.

அயல்நாடு போகாமலே விழும் தடை இன்னொன்று உண்டு. தமிழக அரசு நடத்தும் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. நாகஸ்வரம், தவில் வகுப்புகளில் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற அருமையான ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சான்றிதழ் பட்டமாகாது, முதுகலைக்கு வழிவிடாது. ஆசானிடம் பத்தாண்டு பறை பழகியவருக்கு அந்தச் சான்றிதழ்கூடக் கையில் இருக்காது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த அதே ஒன்றிய அரசு, அவர் போன்ற ஆசானிடம் பெற்ற பயிற்சியை உதவித்தொகைப் படிவத்தில் எழுத ஒரு கட்டம்கூட வைக்கவில்லை. இதை டெல்லி மட்டும் சரிசெய்ய முடியாது. இங்கே இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, முன்கற்றலை மதிப்பிட்டுப் பட்டப்படிப்பில் சேர்க்கும் வழியை அது வகுக்கலாம்.

எதை முதலில் திருத்துவது என்று கேட்டால், இடங்களைக் கூட்டுவதையோ தொகையை உயர்த்துவதையோ நான் முதலில் சொல்லமாட்டேன். தரவரிசைத் தடையைப் பீபடியையோ ஈஸ்ட்மனையோ தேர்ந்தெடுத்து ஒருவர் சுற்றிக் கடக்கலாம். பணக்குறையை நண்பர்களும் அறக்கட்டளைகளும் ஓரளவு ஈடுகட்டலாம். 2022இன் அந்த ஒரு விதிக்கு மட்டும் சுற்றுவழி கிடையாது, அது மாணவரின் ஆய்வுத் தலைப்பையே தடுக்கிறது. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் அல்ல. அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் வழிகாட்டு நெறிகளில் ஒரு வரியாகச் சேர்ந்தது, அடுத்த அறிவிப்பிலேயே அமைச்சகம் அதை எடுத்துவிடலாம்.