சக்கையோடு போகும் கணக்கு

பிபிலைத் தோடம்பழம் நன்றாகப் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். பதுளை–செங்கலடி வீதியால் இறங்கி மட்டக்களப்புச் சந்தைக்கு வரும் அந்தப் பழத்தில் ஒன்றைத் தோலுரித்து, சுளை பிரித்து, கொட்டையைத் துப்பித் தின்று முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். இரண்டாவது பழத்துக்குக் கை நீட்டுபவர்கள் குறைவு. மூன்றாவதுக்கு அநேகமாக யாருமில்லை. அதே பழத்தில் மூன்று நான்கை ஜூஸரில் போட்டால் ஒரு கிளாஸ் சாறு கிடைக்கும், அதைக் குடிக்க அரை நிமிடம் போதும். வீட்டில் சாறு பிழியும் வழக்கத்தை எடைபோட இந்த வேறுபாட்டில்தான் தொடங்க வேண்டும். இயந்திரத்தின் வேகத்தில் சத்து அழிகிறதா, மெதுவாகப் பிழிந்தால் மிஞ்சுகிறதா என்ற வாதம்தான் பெரும்பாலும் நடக்கிறது. அது சிறிய விடயம். சக்கையோடு சேர்த்து, ‘இவ்வளவு போதும்’ என்று வாயும் வயிறும் சொல்லும் அளவையும் இயந்திரம் வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான் பெரிய விடயம்.

சாறு பிழிவதை ஓர் உணவு முறையாக மட்டுமல்லாமல் ஒரு மருத்துவமாகவே பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான நோர்மன் வோக்கர். பச்சை மரக்கறிச் சாறுகளைப் பற்றிய அவரது நூல் 1936இல் வந்தது. சாற்றில் ‘உயிருள்ள நொதியங்கள்’ இருக்கின்றன, நார் இல்லாததால் சமிபாட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது என்று அன்று சொல்லப்பட்டவைதான் இன்றைக்கும் ஜூஸர் பெட்டிகளில் அச்சாகி, வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலிலும் கல்யாணப் பரிசிலும் மட்டக்களப்பின் எழுவான்கரை வீடுகளுக்குள் வருகின்றன. நொதியம் ஒரு புரதம். இரைப்பையின் அமிலத்தில் மற்றப் புரதங்களுக்கு நேர்வதே அதற்கும் நேரும். ஆரோக்கியமான குடலுக்கு நாரிலிருந்து ஓய்வு தேவையில்லை, அதற்கு வேலையே நார்தான். வேகமாகச் சுழலும் தகடு சாற்றைச் சூடாக்கி விற்றமின்களைக் கொன்றுவிடும் என்பதும் மிகைதான். பிழிந்த உடனே குடித்தால் வேகமாகச் சுழல்வது, மெதுவாகப் பிழிவது ஆகிய இருவகை இயந்திரங்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான் இருக்கிறது.

ஆனால் சாற்றுக்கு ஆதரவான சான்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளொன்றுக்கு 250 மில்லிலீற்றர் பீற்றூட் சாற்றை நான்கு வாரம் குடித்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளிகளுக்கு மேல் குறைந்தது. பீற்றூட்டிலுள்ள நைத்திரேற்றுத்தான் காரணம். குடிப்பதை நிறுத்தியதும் அழுத்தம் பழைய நிலைக்கே திரும்பியது. கரட்டின் கரோட்டினும் பச்சையாகக் கடித்துத் தின்பதைவிடச் சாறாகும்போது உடலில் கூடுதலாகச் சேர்கிறது, ஏனென்றால் இயந்திரம் தாவரக் கலங்களின் சுவரை உடைத்துவிடுகிறது. அடுப்பும் அதே வேலையைச் செய்கிறது. கரட்டைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் நம் சமையல், சுவரையும் உடைத்து, கரோட்டின் கரைவதற்கு வேண்டிய கொழுப்பையும் சேர்த்துக் கொடுக்கிறது.

அளவின் கணக்கைப் பார்ப்போம். நடுத்தரத் தோடம்பழம் ஒன்றில் ஏறக்குறைய 12 கிராம் சீனியும் 3 கிராம் நாரும் உண்டு. 250 மில்லிலீற்றர் சாற்றில் சீனி 20 கிராமைத் தாண்டும், நாரோ ஒரு கிராமுக்கும் கீழே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல் பழச்சாற்றிலுள்ள சீனியையும் கரண்டியால் அள்ளிப் போடும் சீனியையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. வளர்ந்தவர் ஒருவர் இந்தக் கணக்கை நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது. முழுப் பழத்தின் சீனி இதில் சேராது. இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் பழைய சான்றுகள் உண்டு. 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பரிசோதனையில் பத்துப் பேருக்கு ஒரே அளவு மாச்சத்துள்ள அப்பிளை முழுப் பழமாகவும், மசித்தும், நாரில்லாத சாறாகவும் கொடுத்தார்கள். பழத்தைத் தின்றதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாறு உள்ளே போனது. முழுப் பழம்தான் வயிற்றை நிறைத்தது, மசியல் அதற்கு அடுத்தது, சாறு கடைசி. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் முழுப் பழம் தின்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது, பிறகு இரத்தத்தில் குளுக்கோஸ் தொடக்க நிலைக்கும் கீழே இறங்கியது. சாறு குடித்துச் சற்று நேரத்தில் மீண்டும் பசிப்பது வெறும் பிரமை அல்ல.

பிரித்தானிய மருத்துவ இதழில் 2013இல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் பெரிய கணக்கு. ஏறக்குறைய 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், முந்திரிகை, அப்பிள் போன்ற முழுப் பழங்களைக் கூடுதலாகத் தின்றவர்களுக்கு இரண்டாம் வகைச் சலரோகம் குறைவாகவும், பழச்சாறு கூடுதலாகக் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் வந்தது. அவர்கள் குடித்ததில் பெரும்பகுதி கடைச் சாறாக இருந்திருக்கும், வீட்டில் பிழிந்ததோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை முழுதாக நிறுவுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் சீனியும் நாரும் பற்றிய கணக்கில் வீட்டுச் சாறு கடைச் சாற்றிலிருந்து விலகி நிற்கவில்லை. பிழிந்த பிறகு கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் ஏறக்குறைய 8 கிராம் மேலும் கூடிவிடுகிறது. அந்த இரண்டு கரண்டி இல்லாமல் விருந்தினருக்கு நீட்டினால் நம்மூரில் அது மரியாதைக் குறைவு.

கடையில் விற்கும் சோடாவைவிட வீட்டுச் சாறு மேல் என்பதுதான் எல்லோரும் முன்வைக்கும் பதில். மேல்தான். நிறமூட்டி இல்லை, விற்றமின் C இருக்கிறது. ஆனால் சோடாவோடு ஒப்பிட்டால் எதுவும் மேலாகத்தான் தெரியும். 2016 ஓகஸ்டிலிருந்து இலங்கையில் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். இந்த அளவுகோலை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தால், தோடஞ்சாறு செம்மஞ்சள், முந்திரிகைச் சாறு சிவப்பு, சீனி போட்ட கெட்டி மாம்பழச் சாறும் சிவப்பு. போத்தலைப் பார்த்தால் நிறம் எச்சரிக்கிறது, வீட்டுக் கிளாஸில் எந்த நிறமும் ஒட்டியிருப்பதில்லை. ‘இது இயற்கை’ என்ற எண்ணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, போத்தலுக்குக் காட்டும் தயக்கத்தையும் கைவிடச் செய்கிறது. சீனி வருத்தம் வந்த வீட்டில் சோடாவை நிறுத்திவிட்டுக் காலையும் மாலையும் ஜூஸ் கொடுப்பது இந்த மயக்கத்தின் விளைவு.

ஜூஸர் எந்த நாட்டுப் பழங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பிள், கரட், செலரி போன்று கடினமாகவும் நீராகவும் உள்ளவற்றை அது நன்றாகப் பிழியும். மட்டக்களப்பு வாவிக் கரையின் பழங்கள் வேறு சாதி. விளாம்பழத்தைத் தேங்காயைப் போல நிலத்தில் அடித்து உடைத்தால் உள்ளே பழுப்பான களியும் விதையும் நாரும்தான் இருக்கும், பிழிவதற்குச் சொட்டு நீர் கிடையாது. மட்டக்களப்பு–கல்முனை வீதியோரத்தில் தோல் வெடித்துக் கிடக்கும் வெள்ளரிப்பழம் தொட்டாலே மாவாக உதிரும். மாம்பழம், பப்பாசி, அன்னமுன்னா, வாழைப்பழம் எல்லாம் சல்லடையை அடைத்துக்கொண்டு, சாறாக வராமல் சக்கையோடு போய்ச் சேரும். பிறகு அந்தச் சல்லடையின் நுண்ணிய துளைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டு நிற்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை, குடித்தவர் அல்ல. இந்தப் பழங்களுக்கு நம்மவர்கள் கண்ட வழி, கையால் பிசைவது. விளாங்களியில் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கரைத்து விதையையும் முரட்டு நாரையும் மட்டும் அரித்தெடுப்பார்கள். வெள்ளரிப்பழத்தைச் சீனியோடு பிசைந்து கரண்டியால் தின்பார்கள். களி கிளாஸில் தங்கிவிடுகிறது. கெட்டியாக இருப்பதால் இரண்டாவது கிளாஸ் இறங்குவதில்லை. பிளென்டரில் பழத்தைத் தயிரோடு அடிப்பதும் இந்த வழியின் தொடர்ச்சிதான். மட்டக்களப்பு எருமைத் தயிர் இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமுமில்லை. பிளென்டர் வைத்திருப்பவர்கள் இதோடு கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1977 பரிசோதனையில் அப்பிள் மசியல் முழுப் பழத்துக்கும் சாற்றுக்கும் நடுவில்தான் நின்றது.

பழத்தை விடுங்கள், மரக்கறிச் சாற்றில் சீனி குறைவுதானே என்பது அடுத்த வாதம். இங்கே சீனியின் இடத்தை வேறொன்று பிடிக்கிறது. கறியில் நாலு துண்டாக விழும் காய், சாற்றில் முழுதாக இறங்குகிறது. சமையல் அறிந்தவர்கள் எக்காலத்திலும் சிறிதளவே சேர்த்துவந்த பொருள்களை ஜூஸர் கிளாஸ் கணக்கில் கொடுக்கிறது. கேரளத்தில், கொழுப்பைக் கரைக்கும் என்று பிலிம்பிக்காயைச் செறிவான சாறாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். காயிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்திருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள், ஆனால் ஏழு பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. அந்தக் காயை மீன்குழம்பில் புளிக்காகப் போட்டவர்கள் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை. காமரங்கா என்று நம்மவர்கள் சொல்லும் நட்சத்திரப்பழத்தால் சிறுநீரகம் பழுதான இருவரைப் பற்றி இலங்கை வைத்தியர்களே 2015இல் எழுதியிருக்கிறார்கள். வடமத்திய மாகாணத்திலும் அதையொட்டிய உலர்வலயத்திலும் சிறுநீரக நோய் பரவிக் கிடக்கும் நாட்டில் இது ஏட்டுச் செய்தி அல்ல. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, ‘குளிர்ச்சி’ என்று நினைத்துக் கொடுக்கும் சாறும் இளநீரும் கொண்டுவரும் பொட்டாசியமே இதயத்துக்கு ஆபத்தாகலாம்.

டெல்லியில் 2010இல் நடந்தது இன்னும் தெளிவான சான்று. சுரைக்காய்ச் சாற்றை நாள்தோறும் குடித்துவந்த விஞ்ஞானி ஒருவர், ஒருநாள் அதைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்த பின் இறந்துபோனார். சில சுரைக்காய்களில் குக்கர்பிற்றசின் என்ற கசப்பு நஞ்சு மிகுந்துவிடும். சாதாரணச் சமையலில் அத்தகைய காய் முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும். பாகற்காயின் கசப்பு அந்த எச்சரிக்கையை மூடிவிட்டது. இதன் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, பிழியுமுன் காயில் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்கவும், கசந்தால் எறியவும், மற்றச் சாறுகளோடு கலக்காதிருக்கவும் சொன்னது. நாக்கும் பல்லும் செய்துவந்த காவலை இப்போது அறிவுரையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சை இலையின் சாறு நம்மூருக்குப் புதிதில்லையே, இலைக்கஞ்சி இல்லையா என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. இலைக்கஞ்சியில் ஒருபிடி இலையின் சாறு ஒரு பானை அரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் கொதித்துப் பலருக்குப் பங்காகிறது.

குழந்தைகள் மரக்கறி தொடமாட்டார்கள், சாறாகவாவது போகட்டும் என்ற பெற்றோரின் நியாயத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். ஒரு வயதுக்குள் சாறே வேண்டாம், மூன்று வயதுவரை நாளுக்கு 120 மில்லிலீற்றர் போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் சொன்னது. அப்பிளின் இனிப்பில் மறைத்த கரட்டைக் குடிக்கும் பிள்ளை இனிப்பைத்தான் பழகுகிறது, கரட்டை அல்ல. செலவும் உண்டு. கரட்டும் பீற்றூட்டும் நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வாவிக் கரைக்கு வருகின்றன. கிலோக் கணக்கில் வாங்கி, பாதியைச் சக்கையாகக் கொட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டாது. சக்கையை ரொட்டி மாவில் பிசையலாம், கோழிக்குப் போடலாம் என்பார்கள். செய்பவர்கள் செய்யட்டும், ஆனால் நாரைப் பிரித்தெடுத்து மறுபடி மாவில் சேர்ப்பதற்கு முதலிலேயே பிரிக்காமல் விட்டிருக்கலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது நாடு முழுக்க ஜூஸர்கள் சும்மா கிடந்தன, தேசிக்காயைக் கையால் பிழிந்து உப்புப் போட்ட தண்ணீர் அப்போதும் தாகம் தீர்த்தது. வைகாசி வெயிலில் வீட்டுக்கு வந்தவருக்கு வேண்டியதும் அதுதான், கால் லீற்றர் சீனி நீரல்ல. எப்போதாவது ஒரு விருந்துக்கு நல்ல சாறு பிழிவதில் யாருக்கும் கேடில்லை. அதை நாள்தோறும் வெறும் வயிற்றில் மருந்தாக எடுப்பதைத்தான் சான்றுகள் ஆதரிக்கவில்லை.

ஜூஸரோ பிளென்டரோ உண்மையிலேயே மருந்தாகும் வீடுகளும் இருக்கின்றன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் அதன் முதன்மைக் காரணங்களில் ஒன்று. களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன இந்தக் கரையில் அந்தப் பழக்கத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தாடை இறுகி இரண்டு விரல் அளவுக்கும் வாய் திறக்க முடியாதவருக்கு, கதிர்ச் சிகிச்சையில் வாய் புண்ணாகி எச்சில் வற்றியவருக்கு, முழுப் பழத்தின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. மற்றவர்களுக்குக் குறையாக இருந்தவை இங்கே குணமாகின்றன: மெல்லாமல் இறங்குகிறது, கொஞ்சத்தில் நிறையக் கலோரி சேர்கிறது, வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுவதில்லை. இவர்களுக்குத் தோடம், அன்னாசி போன்ற புளிப்புச் சாறு புண்ணில் எரியும். வாழைப்பழமும் பப்பாசியும் தயிரும் சேர்த்து அடித்து, கொட்டையும் திப்பியும் போக வடித்த கெட்டிப் பானம்தான் தேவை. சலரோகமும் கூட இருந்தால் எவ்வளவு, எத்தனை வேளை என்பதைக் கிளினிக்கில் கேட்டே தீர்மானிக்க வேண்டும். அந்த வீட்டில் பிளென்டரை நாளுக்கு ஐந்தாறு தடவை கழுவ வேண்டிவரும், வடியையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டிவரும், ஏனென்றால் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குச் சல்லடையில் காய்ந்துகிடக்கும் நேற்றைய சக்கையே வயிற்றோட்டத்துக்குக் காரணமாகிவிடும்.