நிலவுக்குத்தான் பாட்டா?

பெரம்பலூரில் ஏறி அரியலூரில் இறங்குவதற்குள் பேருந்தின் ஒலிபெருக்கி ஏழெட்டுப் பாட்டுக்களைப் பொழிந்துவிடுகிறது. தென்றல் தவழ்கிறது, திங்கள் சிரிக்கிறது, தாமரைப் பொய்கையில் அன்னம் நீந்துகிறது. சாளரத்துக்கு வெளியே தெரிவனவோ வேறு: கரிசலில் வெடித்த பருத்தி, கதிர் முற்றிய மக்காச்சோளம், மூட்டை மூட்டையாய்ச் சின்ன வெங்காயம், சுண்ணாம்புக்கல் ஏற்றிப் புழுதி கிளப்பிப் போகும் லாரி. அன்னத்தைக் கண்ட உழவர் இங்கே ஒருவரும் இலர். புழுதியை உண்ணாத உழவரும் ஒருவரும் இலர். உள்ளே ஒலிக்கும் இயற்கைக்கும் வெளியே உள்ள இயற்கைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கிறோம்.

இயற்கையைப் பாடுவது குற்றமென்று நாம் கூறவில்லை. பாடட்டும், நிரம்பப் பாடட்டும், ஆனால் பார்த்துப் பாடட்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கினார். காட்டிலே நடந்தவன் கண் அது. இன்றைய திரைப்பாட்டின் தோட்டத்திலோ மல்லிகை, முல்லை, தாமரை, ரோசா என ஐந்தாறு பூக்களுக்கு மேல் பூப்பது அரிது. அவையும் கொடியில் பூப்பதில்லை. பெண்ணின் கண்ணிலும் கன்னத்திலுமே பூக்கின்றன. மலரென்றால் பெண், கொடியென்றால் இடை, நிலவென்றால் முகம்! இந்தக் கணக்கைக் கற்றவனுக்குச் செடியையும் அறிய வேண்டியதில்லை, பெண்ணையும் அறிய வேண்டியதில்லை. பூவுக்குச் சிந்தனை இல்லை, பேச்சில்லை, கூலிக்கணக்கு இல்லை. பெண்ணைப் பூவாக்கிப் பாடுவதில் எத்துணை வசதி பாருங்கள்! பங்குனி வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பவளைக் கொடியிடையாள் என்று பாடிவிட்டால், அவள் இடுப்பு வலி தீர்ந்துவிடுமா?

நிலவின் கதை இதனினும் வேடிக்கை. 1969 சூலையில் அங்கே மனிதன் கால் வைத்தான். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 அதன் தென்முனை அருகே இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துத் தமிழர் வீரமுத்துவேல். அதன் பின்னும் நிலவைக் காதலியின் முகமென்று பாடுகிறார்கள். பாடட்டும், உவமைக்கு உரிமம் வழங்கும் அலுவலகம் நாம் நடத்தவில்லை. ஆனால் அந்தப் பள்ளமும் பாறையும், காற்றில்லாத அந்தக் கறுத்த வானமும், அங்கிருந்து பார்த்தால் நீலப் பந்தாய்த் தெரியும் நம் உலகமும் ஒரு கவிஞனின் நெஞ்சைக் கூடவா தட்டவில்லை? (நம் மேடைகளிலும் நிலவு குறைவாக உதிக்கவில்லை என்பது வேறு செய்தி.)

அறிவு வந்தால் அழகு ஓடிவிடும் என்பார் உண்டு. அவர்களைச் சாத்தனூருக்கு அழைக்கிறோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிவிட்ட மரமொன்று கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற மரம்! அன்று இப்பகுதியில் கடல் இருந்தது. கடலடி மண்ணில் புதைந்த மரம் அணுவணுவாய்க் கல்லாயிற்று. காரையின் செம்மண் ஓடைகளில் மழை பெய்து மண் கரைந்தால், சுருள் சுருளாய்க் கடலுயிரின் கல்லுருக்கள் வெளிப்படும். கண்டகி ஆற்றில் அத்தகைய சுருளை எடுத்துச் சாளக்கிராமம் என்று பூசையில் வைக்கிறார்கள். இங்கே அது உழவன் காலில் இடறுகிறது. அரியலூர் என்னும் பெயரே உலகத்து நிலவியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதிக்குப் பெயராகியுள்ளது. இதைவிட வியப்பூட்டும் புராணம் எது? இதைப் பாட ஏன் ஆளில்லை?

நாட்டுப்பாடல் என்றவுடன் கைகூப்பி நிற்போரும் உளர். நாம் அப்படி நிற்பதற்கில்லை. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுத்து ஒப்பாரி வைப்பது நம் சிற்றூர்களின் பழைய வழக்கம். அப்பாட்டுக்களில் வறட்சியின் வேதனை உண்மையானது. வெடித்த வயலையும் வற்றிய மடுவையும் அவள் பார்த்துப் பாடுகிறாள். அதுவரையில் அது கவிதை. பருவக்காற்றின் பிழையை யாரோ ஒரு பாவியின் தலையில் ஏற்றும் இடத்தில் பாட்டு தன் கண்ணை மூடிக்கொள்கிறது. அதே மண்ணில்தான் இராசேந்திரன் சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டுவித்தான். ஒப்பாரி வைத்தா அது நிறைந்தது? கரையெடுத்து, கால்வாய் வெட்டி நிறைத்தார்கள். செப்பேட்டில் வேந்தன் பெயர் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் இல்லை. அவர்கள் மண் சுமக்கையில் பாடிய பாட்டும் இல்லை.

வழிகாட்ட ஆளில்லாமல் போகவில்லை. 1944இல் வெளிவந்த பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’ கடலையும் குன்றத்தையும் பாடியதோடு நில்லாமல், எல்லோரும் நிலவைப் பாடிய நாட்டில் இருளையும் அழகென்று பாடியது. சிற்றூரையும் பட்டணத்தையும் இயற்கையோடு சேர்த்து வைத்தது. 29 ஆண்டே வாழ்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் திரைப்பாட்டிலேயே வயலைக் காட்டினார். காட்டிய வயலில் விளைச்சல் யாருக்குப் போகிறதென்றும் கேட்டார். திரைக்குள் இது முடியாது என்போர்க்கு அவர் ஒருவரே விடை. இன்னும் பின்னே போனால் சத்திமுத்தப் புலவர். நாரையைத் தூது விட்டவர். அதன் அலகையும் காலையும் உற்று நோக்கியவர், அது பருவந்தோறும் தெற்கும் வடக்கும் போய்வருவதை அறிந்தவர், அதே மூச்சில் தம் குடிசையின் வறுமையையும் குளிரில் நடுங்கும் உடலையும் சொன்னவர்.

அந்தப் பறவைகள் இன்றும் வருகின்றன. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு, இமயத்தைத் தாண்டிப் பறக்கும் பட்டைத்தலை வாத்து குளிர்காலத்தில் வந்து தங்குகிறது. 1999இல் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற ஏரி அது. யார் அழைத்து வருகிறது அவ்வாத்து? புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் வருகிறது, ஏரி நிறைகிறது, நெல் விளைகிறது, இரை கிடைக்கிறது. வாத்தின் சிறகுக்கும் வாய்க்கால் தூர்வாரியவன் மண்வெட்டிக்கும் உள்ள உறவு ஒரு நல்ல பாட்டுக்குப் போதாதா?

வாய்க்கால் பாயும் வயல்களில் நடவு நட்ட பெண்களுக்குப் பாட்டுண்டு. வரப்பு, நண்டு, நாரை, கூலி, மேற்பார்ப்பவனின் அதட்டல் எல்லாம் அப்பாட்டில் உண்டு. பாடியவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர். நடவு எந்திரமும் களைக்கொல்லியும் வந்தபின் பாடும் வாய்ப்பு அருகி வருகிறது. எந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லோம். முதுகு நிமிர்வது பாட்டினும் பெரிது. பாட்டைத் திரட்டி நூலாக்குவோர் அட்டையில் தம் பெயரைப் பெரிதாய்ப் போட்டு, பாடியவளை ‘ஒரு மூதாட்டி’ என்று முடித்துவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. குன்னத்திலும் செந்துறையிலும் திருமானூரிலும் உள்ள நம் இளைஞர்கள் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களுக்குப் போகட்டும். பாட்டை எழுதுமுன், பாடுகிறவர் இசைந்தால், அவர் பெயரை முதலில் எழுதட்டும்.